முப்பது போன் வருகிற கடை

வாசகர் கேள்வி:

மதுரையில் அப்பா ஆரம்பித்த ஓட்டலை 16 வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். 26 பேர் வேலை செய்கிறார்கள். நல்ல பெயர் இருக்கிறது. போன வருடம் திண்டுக்கல்லில் இரண்டாவது கடை திறந்தேன். அங்கே 18 பேர். முதல் நான்கு மாதம் தினமும் 45,000 ரூபாய் வியாபாரம் நடந்தது. ஐந்தாவது மாதம் மாஸ்டர் திடீரென்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் புதிதாக வந்த கடைக்குப் போய்விட்டார். அங்கே மாதம் 4,000 அதிகமாம். என்னிடம் வாங்கியிருந்த 80,000 அட்வான்ஸை அந்தக் கடைக்காரர் ஒரே நாளில் கட்டிவிட்டார். இப்போது வியாபாரம் 31,000க்கு இறங்கிவிட்டது. மச்சினனைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறேன். இருந்தும் அங்கிருந்து ஒரு நாளைக்கு முப்பது போன் வருகிறது. எல்லோரையும் குடும்பம் மாதிரிதான் நடத்தினேன். தீபாவளிக்கு வேட்டி சட்டை, வருடத்துக்கு ஒரு கொடைக்கானல் டூர் எல்லாம் உண்டு. அப்படியும் போகிறார்கள்.

சம்பளத்தை ஏற்றட்டுமா? ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்த ஒருவர் 40,000 கேட்கிறார், மேனேஜராகப் போடட்டுமா? சிலர் சொல்கிற மாதிரி ஒரு மாதச் சம்பளத்தையும் ஒரிஜினல் ஆதாரையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? கேமரா 16 இருக்கிறது, இன்னும் போடலாமா? மதுரைக் கடையில் 15 வருடமாக ஒரு சப்ளையர் இருக்கிறார். ரொம்ப விசுவாசி, ஆனால் பத்தாவதுதான் படித்தவர். தேனியில் மூன்றாவது கடைக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். இந்த மாதம் இடத்துக்கு அட்வான்ஸ் தரவேண்டும். கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம், மதுரை.

பதில்:

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதல் பதில். தேனிக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். இடத்துக்காரர் வேறு ஆள் பார்த்தால் பார்க்கட்டும். தேனியில் இடத்துக்குப் பஞ்சம் வராது. உங்களுக்குப் பஞ்சமாக இருப்பது இடம் இல்லை என்பதை மீதிப் பதிலில் சொல்கிறேன்.

மாஸ்டர் போன கதையை நீங்கள் விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். முப்பது போனை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் நின்று திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். காலை ஆறு மணிக்குத் திறந்து ராத்திரி பதினொன்றுக்கு மூடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், அரை மணிக்கு ஒரு போன். நீங்கள் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் மதுரைக் கடையில் கல்லாவில் நிற்கும்போதும் திண்டுக்கல் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்தப் போன்களில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். "தக்காளி விலை ஏறிடுச்சு, பாதி வாங்கவா?" "கிரைண்டர் நின்னுபோச்சு, யாரைக் கூப்பிட?" "ஒருத்தர் பிரியாணியில கறியே இல்லைன்னு சத்தம் போடறார், பில்லுல கழிக்கலாமா?" "ரெண்டு பேர் வரலை, இன்னைக்கு பரோட்டாவை நிறுத்திடவா?" இதில் ஒரு கேள்விக்கும் 65 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உங்களைவிட அங்கே நிற்கிறவருக்குத்தான் நல்ல பதில் தெரியும். ஆனாலும் உங்களைக் கேட்கிறார்கள். ஏனென்றால் தாங்களாக ஒன்றைச் செய்து, அது தப்பாகிவிட்டால், ஏன் என்னைக் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டுவிட்டுச் செய்தால் தப்பு உங்களுடையது. முப்பது போனும் அவர்களுக்கு இன்ஷூரன்ஸ்.

இப்போது போன மாஸ்டரை யோசித்துப் பாருங்கள். இருபது வருடமாவது அடுப்பில் நின்றவராக இருப்பார். வெங்காயம் கூட ஐந்து கிலோ வேண்டுமென்றால் உங்கள் மச்சினனைக் கேட்க வேண்டும். மச்சினன் உங்களைக் கேட்க வேண்டும். நீங்கள் போனை எடுக்காவிட்டால் மத்தியானக் கூட்டம் வந்துவிடும். அப்புறம் சால்னா தண்ணியாக இருக்கிறது என்று பேச்சு வாங்குகிறவர் யார்? மாஸ்டர். 4,000 ரூபாய் அதிகம் என்பதை அவர் போனதற்குக் காரணமாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். என் அனுபவத்தில் சம்பளம் என்பது வெளியே போகும்போது சொல்வதற்குச் சுலபமான காரணம். வாசலை நோக்கி ஒருவர் திரும்புவது பெரும்பாலும் வேறு எதற்காகவோ இருக்கும்.

ஆகவே முதல் வேலை இது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஏழு நாள், திண்டுக்கல்லிலிருந்து வரும் ஒவ்வொரு போனையும் ஒரு வரியில் எழுதுங்கள். யார் கூப்பிட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள். ஏழாம் நாள் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: கேட்டிருக்கவே வேண்டாம், செய்துவிட்டுச் சொன்னால் போதும், கட்டாயம் என்னைக் கேட்க வேண்டும். இருநூறு வரிக்கு மேல் வரும். மூன்றாவது குறி எத்தனை வரிக்கு விழுகிறது என்று நீங்களே பாருங்கள். வாடகை, ஆளை வேலையை விட்டு நிறுத்துவது, பெரிய ஆர்டருக்கு விலை சொல்வது, போலீஸ், விபத்து. இவ்வளவுதான் இருக்கும்.

முதல் இரண்டு வகையையும் ரூபாய்க் கணக்காக மாற்றுங்கள். சாப்பாட்டில் குறை என்று ஒருவர் சொன்னால், 200 ரூபாய் வரை சப்ளையரே பில்லில் கழிக்கலாம், அல்லது வேறு தட்டு கொடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். தினசரிக் காய்கறியில் 3,000 வரை மாஸ்டர் முடிவு. ரிப்பேர் 1,500 வரை கல்லாவில் இருப்பவர் முடிவு. தொகை உங்கள் இஷ்டம். ஆனால் அதைத் தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். வாயால் சொன்னதை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

ஏமாற்றமாட்டார்களா என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு பேர் செய்வார்கள். தெரிந்தவர் வந்தால் 200 ரூபாயைக் கழித்துவிட்டு அனுப்புகிற சப்ளையர் இருப்பார். வார முடிவில் கழித்த பில்களைப் பார்த்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், பிடித்துவிடலாம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் உங்களைப் பற்றி. முதல் மாதம் யாராவது ஒருவர் கட்டாயம் ஒரு தப்பான முடிவு எடுப்பார். நாலு பேர் பார்க்க அவரை நீங்கள் திட்டினீர்கள் என்றால், முப்பது போன் நாற்பதாகும். ஒட்டின தாளைக் கிழித்துவிடலாம்.

சரி, மாஸ்டர் போனால் செட்டே போவது எதனால்? இதை நம் ஓட்டல்காரர்கள் துரோகம் என்றே பேசுகிறார்கள். அந்த நான்கு பேரை வேலைக்குக் கொண்டுவந்தது யார்? மாஸ்டர். சம்பளம் பேசினது? மாஸ்டர். உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வார்கள்? மாஸ்டரிடம். நான்கு பேரின் சொந்த ஊர்ப் பெயரை இப்போது, யாரையும் கேட்காமல், உங்களால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அவர்கள் உங்களைவிட்டுப் போகவில்லை. அவர்கள் உங்களிடம் வேலைக்கு வரவே இல்லை, மாஸ்டரிடம் வேலை பார்த்தார்கள், அவர் போன இடத்துக்குப் போனார்கள். இனிமேல் புதிதாக யார் வந்தாலும், யார் கூட்டி வந்தாலும், நீங்கள் தனியாக உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுங்கள். சம்பளத்தை நீங்களே சொல்லுங்கள், அவருடைய வங்கிக் கணக்கில் போடுங்கள். இரண்டு வருடத்தில் என்ன வேலைக்கு வர ஆசை என்று கேளுங்கள். பாத்திரம் கழுவுகிற பையனிடம் இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் உங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும். அண்ணா நகர்ப் பக்கம் போகும்போதெல்லாம் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்தக் கையோடு கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். அவர் வெளியே அடிக்கடி சொன்ன உதாரணம் எது தெரியுமா? மெக்டொனால்ட்ஸ். உலகத்தில் எந்த ஊரிலும் ஆட்களைப் பழக்கி ஒரே மாதிரி பர்கர் கொடுக்க முடியும் என்றால், கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். ஒரு சாப்பாட்டுக் கடையைப் பார்த்து ஆஸ்பத்திரி கற்றுக்கொண்டது. இப்போது அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் நீங்கள் கற்றுக்கொள்ளலாம் என்கிறேன்.

அங்கே டாக்டர்கள் குறைவு, நோயாளிகள் மலை மாதிரி. டாக்டர்களைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து கூடுதல் சம்பளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து அதைச் சமாளிக்கவில்லை. சுற்றுவட்டக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து, இரண்டு வருடம் தாங்களே பயிற்சி கொடுத்தார்கள். பார்வை சோதிப்பது, அறுவைக்கு நோயாளியைத் தயார் செய்வது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது, அப்புறம் ஆலோசனை சொல்வது என்று டாக்டர் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று இல்லாத எல்லா வேலையும் அந்தப் பெண்கள் கைக்குப் போனது. டாக்டர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். இப்போது வருடத்துக்குப் பல லட்சம் அறுவைகள் நடக்கின்றன. கிளை வைத்த விதத்தையும் பாருங்கள். நீங்கள் இடம் பார்த்து வைத்திருக்கிற அதே தேனியில் அவர்கள் ஆஸ்பத்திரி வைத்தது 1985-ல். மதுரையில் தொடங்கி ஒன்பது வருடம் கழித்து. பயிற்சி கொடுத்த ஆட்களைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

நீங்கள் திண்டுக்கல்லுக்கு எதைக் கையில் வைத்துக்கொண்டு போனீர்கள்? கடையின் பெயர்ப் பலகையை. அங்கே வேலைக்கு நின்ற 18 பேரும், உங்கள் கடிதத்தைப் படித்தவரை, அங்கேயே புதிதாகப் பிடித்தவர்கள். மதுரைக் கடையின் ருசியைச் சாப்பிட்டே பார்க்காத மாஸ்டர் ஒருவர் மதுரைக் கடையின் பெயரில் சமைத்திருக்கிறார்.

மாஸ்டர்களை மிரட்டாமல் இதை மாற்ற ஒரு வழி சொல்கிறேன். குருமா, சால்னா, சுக்கா மசாலாக்களை மதுரையிலேயே வறுத்து அரைத்து, எடை போட்டு, பாக்கெட்டாக அனுப்புங்கள். பல கடைக்காரர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள், உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் பாக்கெட் வந்த அன்றே மாஸ்டருக்குப் புரிந்துவிடும், நம்மை இல்லாமல் ஆக்கத்தான் இது என்று. அந்தப் பயம் நியாயமானது. கைப்பக்குவம்தான் அவருடைய சொத்து, அதை இலவசமாகக் கேட்கிறீர்கள். அதனால் காசு கொடுத்துக் கேளுங்கள். ஒரு உதவியாளரைப் பழக்கி, அவர் மூன்று மாதம் தனியாக அடுப்பைச் சமாளித்துக் காட்டினால், பழக்கிய மாஸ்டருக்கு 10,000 ரூபாய். உதவியாளருக்குச் சம்பள உயர்வு. சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கடையில் மரியாதையும் காசும் கூடுகிறது என்றால் அவர் ரகசியம் காப்பதை விடுவார். எல்லா மாஸ்டரும் விடமாட்டார், சிலர் கடைசிவரை மசாலா டப்பாவை மறைத்துத்தான் வைப்பார்கள். பரவாயில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். ஏற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 14,000 வியாபாரம் போயிருக்கிறது, மாதத்துக்கு 4,20,000. வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுத்தாகத்தான் வேண்டும் என்பதால், இழந்த வியாபாரத்தில் சரக்கும் கேஸும் போகப் பாதி மிஞ்சியிருக்கும் என்று வைத்தால்கூட மாதம் 2,10,000 ரூபாய் நஷ்டம். திண்டுக்கல்லில் 18 பேருக்கும் ஆளுக்கு 2,000 ஏற்றினால் ஆகும் செலவு 36,000.

இந்தக் கணக்கை நூறு வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் போட்டார். 1913-ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஆள் மாறுவது வருடத்துக்கு 370 சதவீதம். அதாவது சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்தை நிரப்பி வைக்க 50,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். முன்னே கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வேலை நேரத்தையும் ஒன்பதிலிருந்து எட்டு மணி நேரமாகக் குறைத்தார். 1915-ல் அந்த 370 சதவீதம் 16 ஆகிவிட்டது. அவர் அப்படி ஒன்றும் தரும மகாராஜா கிடையாது. ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பதன் செலவைக் கணக்குப் பார்த்தவர், அவ்வளவுதான்.

ஆனால் சம்பளத்தை மட்டும் ஏற்றினால் பக்கத்துக் கடைக்காரர் இன்னொரு 1,000 ஏற்றுவார், ஏலம் நடக்கும். உங்கள் அட்வான்ஸ் முறையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். 80,000 கொடுத்தால் மாஸ்டர் கட்டுண்டு கிடப்பார் என்று நினைத்தீர்கள். அட்வான்ஸ் என்பது அவர் உங்களுக்குத் தரவேண்டிய கடன். பணம் வைத்திருக்கும் எவரும் ஒரே நாளில் வந்து அதைத் தீர்த்துவிட்டு ஆளைக் கூட்டிப் போகலாம், போனார். அதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்றைச் செய்யுங்கள். அவருக்கு உங்கள் கடையில் பணம் சேரட்டும். அதைப் பக்கத்துக் கடைக்காரர் செக் எழுதித் தீர்க்க முடியாது.

இதற்கான ஏற்பாடுகள் சட்டத்திலேயே இருக்கின்றன. இரண்டு கடையும் சேர்ந்தால் உங்களிடம் 44 பேர். பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, கட்ட வேண்டும், நீங்களும் அவர்களும் ஆளுக்கு 12 சதவீதம். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு. உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. அதாவது 16,000 சம்பளக்காரருக்கு நீங்கள் கட்டுவது 520 ரூபாய். அந்த 520-க்கு அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது, வேலைக்கு வரமுடியாமல் படுத்துவிட்டால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. தீபாவளி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், வேட்டி சட்டை அந்தக் கணக்கில் வராது. ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கிற கிராஜுவிட்டி: ஒவ்வொரு வருட வேலைக்கும் 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வகுத்து. கடைசிச் சம்பளம் 13,000 என்றால் வருடத்துக்கு 7,500. பத்து வருடத்துக்கு 75,000.

இதெல்லாம் கட்டுகிறீர்களா இல்லையா என்று கடிதத்தில் இல்லை. கட்டுகிறீர்கள் என்றால், எத்தனை பேருக்கு அது தெரியும்? ஓட்டல் வேலைக்காரர்கள் பலர் பிஎஃப் என்றால் சம்பளத்தில் முதலாளி பிடித்துக்கொள்கிற பணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மத்தியானம், கூட்டம் அடங்கின பிறகு, எல்லோரையும் உட்கார வைத்து அவரவர் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று செல்போனில் எடுத்துக் காட்டுங்கள். கட்டவில்லை என்றால், டூரைப் பற்றி இனி பேச வேண்டாம்.

டூர் என்றதும் ஞாபகம் வருகிறது, குடும்பம் மாதிரி நடத்தினேன் என்று எழுதியிருந்தீர்கள். முதலாளிகள் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கலக்கம் வரும். குடும்பத்தில் யாருக்கும் வார லீவு கிடையாது, ஓவர்டைம் கிடையாது, கேட்டால் கோபம் வரும். காலையில் ஐந்து மணி நேரம், நடுவில் தூக்கமும் இல்லாத ஓய்வும் இல்லாத ஒரு இடைவெளி, அப்புறம் ராத்திரி ஏழு மணி நேரம் என்று வேலை பார்க்கிறவருக்கு, கொடைக்கானலில் ஒரு நாள் என்பது பஸ்ஸில் தூங்குவதற்கு ஒரு வாய்ப்பு. வாரம் ஒரு நாள் லீவு, சம்பளத்தோடு, யாருக்கு எந்தக் கிழமை என்று மாத ஆரம்பத்திலேயே எழுதி ஒட்டுங்கள். திண்டுக்கல்லில் அவர்கள் தங்கும் அறையைக் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்? எத்தனை பேருக்கு ஒரு ஃபேன், எத்தனை பேருக்கு ஒரு பாத்ரூம், ராத்திரி பன்னிரண்டுக்கு வந்து படுப்பவரைக் காலை ஐந்துக்கு யார் எழுப்புகிறார்? அங்கே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். அடுத்த வருட டூர்ப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

ஆதாரையும் சம்பளத்தையும் பிடித்து வைப்பது பற்றி ஒரே பதில்: செய்யாதீர்கள், அப்படிச் சொன்னவரிடம் யோசனை கேட்பதையும் நிறுத்துங்கள். கொடுத்த முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையைவிட்டுப் போகவிடாமல் தடுத்தால், அது 1976-ம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரை போகும். மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு.

கேமரா 16 போதும். கல்லாவுக்கும் ஸ்டோருக்கும் கேமரா இருப்பது நியாயம். மாவு பிசைகிறவர் எத்தனை நிமிடம் நின்றார் என்று மதுரையிலிருந்து செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தால் முப்பத்தோராவது போன் உங்களிடமிருந்து போகும். ஃபோர்டும் இந்தத் தப்பைச் செய்தார். ஐந்து டாலர் கொடுக்கிறேன் என்று சொல்லி, தொழிலாளி வீட்டில் எப்படி இருக்கிறார், குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று பார்க்க ஆட்களை அனுப்பினார். கொஞ்ச வருடத்தில் கைவிட வேண்டியதாயிற்று.

மேனேஜர் விஷயத்தில் என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்பு, இதே மாதிரி இரண்டாவது கிளையில் தவித்த ஒரு பேக்கரிக்காரருக்கு நான்தான் ஒரு மேனேஜரைத் தேடிக் கொடுத்தேன். நல்ல படிப்பு, பெரிய ஓட்டல் அனுபவம், நல்ல மனிதரும்கூட. ஆறே வாரத்தில் போய்விட்டார். அவர் சொன்ன காரணம்: "சார், எனக்கு மேனேஜர்னு போர்டு இருக்கு. ஆனா லீவு கேக்கறவங்க முதலாளிக்குத்தான் போன் பண்றாங்க, அவரும் கொடுத்துடறார்." அந்த முதலாளி கெட்டவர் இல்லை, பழக்கத்தை விடமுடியாதவர். நானும் அதை முன்கூட்டியே கேட்காமல் ஆளை அனுப்பிவிட்டேன். உங்கள் நிலைமையில் இன்று 40,000 கொடுத்து ஒருவரைப் போட்டால், முப்பது போனும் நல்ல உச்சரிப்போடு வரும். நோட்டு வேலை முடிந்து, தாள் ஒட்டி, போன் குறைந்த பிறகும் ஆள் தேவைப்பட்டால் அப்போது பேசுங்கள்.

அதற்கு முன் அந்தப் பதினைந்து வருட சப்ளையரிடம் பேசுங்கள். விசுவாசி என்பதற்காக அல்ல. விசுவாசம் மேனேஜர் வேலைக்கான தகுதி கிடையாது, பத்தாவது படிப்பு தகுதிக் குறைவும் கிடையாது. வாடிக்கையாளரிடம் பிரமாதமாகப் பேசுகிறவர், தன் கூட வேலை பார்த்தவரைக் கண்டிக்க வேண்டி வந்தால் உடைந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் மூன்று மாதம் திண்டுக்கல்லைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த மூன்று மாதமும் மேனேஜர் சம்பளத்தோடு. முன்கூட்டியே ஒன்றை உறுதி கொடுங்கள்: பிடிக்கவில்லை என்றால் மதுரையில் பழைய இடம் பழையபடி இருக்கும், யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அந்தக் கதவைத் திறந்து வைக்காவிட்டால் அவர் போகமாட்டார். போனாலும் பயத்தில் உங்களுக்கு முப்பது போன் செய்வார். குடும்பத்தோடு மதுரையில் இருப்பவர் என்றால் தினமும் போய் வருகிற செலவு, ராத்திரி தங்க இடம் எல்லாவற்றையும் அவர் கேட்கும் முன் நீங்களே பேசிவிடுங்கள்.

அவர் ஒப்புக்கொண்டால் திண்டுக்கல் கடைக்கு மாத லாபத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள், ஐந்து சதவீதமோ பத்தோ, அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும். லாபத்தில் என்பதைக் கவனியுங்கள். வியாபாரத்தில் பங்கு என்றால் தள்ளுபடி கொடுத்தாவது பில்லை ஏற்றுவார்கள். லாபத்தில் என்றால் கேஸ் அடுப்பை யார் சும்மா எரியவிட்டது என்று அவர்களே பார்ப்பார்கள். இதற்கு ஒரு விலை உண்டு: கடைக் கணக்கை அவர்களுக்குக் காட்ட வேண்டும். வரவு, சரக்கு, சம்பளம், வாடகை, மிச்சம். நம் முதலாளிகளுக்குச் சம்பளம் ஏற்றுவதைவிட இது கஷ்டம்.

மச்சினன் விஷயம். இதை வெளி ஆள் எழுதுவது சுலபம், வீட்டில் பேசப்போவது நீங்கள் என்று தெரியும். அவரைக் கல்லாவிலிருந்து எழுப்புங்கள் என்று சொல்லவில்லை. பணத்தை அவர் பார்க்கட்டும். ஆட்களை அவர் பார்க்க வேண்டாம். லீவு, வேலை நேரம், சமையல், வாடிக்கையாளர் புகார் எல்லாம் சப்ளையர் அண்ணன் கையில் என்று இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, கடை ஆட்கள் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். மச்சினன் ஒரு தடவையாவது உங்களுக்கு நேராகப் போன் போட்டு அவரை மீறப் பார்ப்பார். அந்த ஒரு போனில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைக் கடை முழுக்கக் காது கொடுத்துக் கேட்கும். "அண்ணனைக் கேளுப்பா" என்று சொல்லி வைத்துவிடுங்கள். வீட்டில் இரண்டு நாள் முகம் தூக்கி இருப்பார்கள், சமாளித்துக்கொள்ளுங்கள்.

போன மாஸ்டர் திரும்பி வந்தால் எடுப்பீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வருவார். புதுக் கடைகளில் முதல் ஆறு மாதம் கொடுக்கிற சம்பளத்தை ஏழாவது மாதம் கொடுப்பது அபூர்வம். வந்தால் எடுங்கள், அட்வான்ஸ் இல்லாமல், உங்கள் புது ஏற்பாட்டில். கூட வந்த நான்கு பேரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டு.

தேனியைப் பற்றி எப்போது யோசிக்கலாம் என்றால், திண்டுக்கல்லில் தயாரான ஒரு மாஸ்டரும் ஒரு பொறுப்பாளரும் அங்கே போகத் தயாராக நிற்க வேண்டும், அவர்கள் இல்லாமலும் திண்டுக்கல் ஓட வேண்டும். அது எட்டு மாதமாகலாம், இரண்டு வருடமாகலாம். இப்போதைக்கு நோட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு வரி எழுதுங்கள், முப்பது எத்தனையாயிற்று என்று.